தன் முகத்தை வரையும் உரிமை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், சித்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. கேரளத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆனால் கடைவீதியிலும் களத்துமேட்டிலும் தமிழ்தான் பேச்சு. இந்த வட்டத்தின் பழைய வரலாறும் எல்லைக்கோட்டு வரலாறுதான். 1949 வரை சித்தூர் கொச்சி அரசுக்குச் சொந்தமாக இருந்தது. அதைச் சுற்றிலும் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது தமிழ் பேசும் இந்தப் பகுதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இங்கிருந்து ஓவியம் படிக்கக் கிளம்பும் ஒரு மாணவி திருச்சூருக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் கும்பகோணத்துக்குப் போனாலும் ஒரு பயிற்சியைத் தவிர்க்க முடியாது: கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே வரைவது. முதலில் பென்சிலிலும் கரித்துண்டிலும் கோடாக. பிறகு வண்ணத்தில், தோலின் நிறத்தைப் பின்பற்றாமல் மனநிலைக்கு ஏற்ற நிறத்தைத் தேடி. இன்று இது சாதாரணப் பாடம். ஆனால் மாணவருக்குத் தன் முகமே பாடமாக அமைந்தது தென்னிந்தியாவில் மெல்ல மெல்ல, பல தடைகளைத் தாண்டி நடந்த ஒன்று. தனித்தனியாக ஓடிய இரண்டு மரபுகள் சென்னைக் கலைப்பள்ளியில் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அது முடிந்தது என்பதும், அந்தச் சேர்க்கையில் பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்து மனிதர்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் மரபு, முகத்தை நிறத்தால் பேசவைக்கும் மரபு. பாலக்காட்டு மாவட்டம் அதில் செழித்த இடம். கதகளியின் கல்லுவழிச் சிட்டை என்ற பாணி உருவானது இந்த மாவட்டத்தில்தான். அதில் நற்குணம் உள்ள நாயகனின் முகம் பச்சை. மனயோலை என்ற மஞ்சள் தாதுவை நீலத்தோடும் தேங்காயெண்ணெயோடும் அரைத்து அந்தப் பச்சையை உண்டாக்குகிறார்கள். உதட்டுக்கும் சிவப்புக் கோலங்களுக்கும் சாயில்யம். முகத்தைச் சுற்றி அரிசி மாவும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும் வெள்ளைச் சுட்டி. களமெழுத்தில் பகவதியின் உருவம் தரையில் பொடியாக எழும்: வெள்ளைக்குப் பச்சரிசி மாவு, மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு இலைப்பொடி, சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த கலவை. சடங்கு முடிந்ததும் அந்த முகம் அழிக்கப்படும். 1905இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியின் முகத்தின் நடுவே ஒரு பச்சைக் கோட்டை இழுத்ததும் பாரிஸ் திடுக்கிட்டது. பாலக்காட்டுக் கிராமத்தானுக்கு அதில் திடுக்கிட ஒன்றும் இருந்திருக்காது. முகம் முழுக்கப் பச்சையாக ஒருவன் விடிய விடிய ஆடுவதைப் பார்த்தவன் அவன். எனவே, முகத்துக்கு இயற்கைக்கு மாறான நிறம் கொடுப்பது மேற்கிலிருந்து வந்த கற்பனை என்ற பேச்சு இந்த மண்ணில் செல்லாது. ஆனால் ஒரு வரம்பு இருந்தது. எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்பதை மரபு முடிவு செய்தது. ஆடுபவரோ எழுதுபவரோ முடிவு செய்யவில்லை. அந்த நிறங்களுக்கு அடியில் இருந்த மனிதரின் முகம் மறைய வேண்டியது, மறைந்தால்தான் கலை. பாலக்காட்டுப் பத்திரகாளி கோயில்களின் தோல்பாவைக்கூத்தில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். கம்பனின் தமிழ்ப் பாடல்களை நினைவிலிருந்து பாடி, மான்தோல் பாவைகளை ஆட்டும் புலவர் திரைக்குப் பின்னால் இருப்பார். இராமனின் நிழல் தெரியும். புலவரின் முகம் தெரியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் உருவச்சித்திரம் புதிதல்லவே என்று கேட்கலாம். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் பல்லவ மன்னர்கள் தேவியரோடு நிற்கிறார்கள். மகேந்திரவர்மன் தன்னைச் சித்திரகாரப்புலி என்றே சொல்லிக்கொண்டான். ஓவியம் தெரிந்த அரசன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. வடக்கே, 1580களின் தொடக்கத்தில் எழுதி முடிக்கப்பட்ட குலிஸ்தான் என்ற பாரசீகச் சுவடியின் கடைசிப் பக்கத்தில், எழுத்தர் உசைன் சரீன் கலம் என்பவரோடு இளைஞனான மனோகர் தன்னையே வரைந்து வைத்திருக்கிறான். அக்பரின் ஓவியக்கூடத்தில் புகழ்பெற்றிருந்த பசாவனின் மகன் அவன். இந்தச் சான்றுகள் அனைத்தும் உண்மை. ஆனால் அவை என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகின்றன. மாமல்லபுரத்தில் முகம் அரசனுடையது, உளி வேறொருவருடையது. தஞ்சையில் தச்சனுக்குப் பெயர் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. மனோகருக்கு முகமும் கிடைத்தது. ஆனால் அரசனுக்கான சுவடியின் ஓரத்தில், அரசவை அளித்த இடத்தில். ஆக, உருவம் வரையும் திறமை நம்மிடம் ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை. யாருடைய உருவம் வரையத் தக்கது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம்தான் வரைபவரிடம் இல்லை. சுய உருவச்சித்திரத்தின் வரலாற்றைத் திறமையின் வரலாறாக எழுதினால் அது பிழையாகிவிடும். அனுமதியின் வரலாறாக எழுதினால்தான் சரியாக அமையும்.

இரண்டாவது மரபு, அச்சு அசலாக முகத்தைப் பிடிக்கும் மரபு. எண்ணெய் வண்ணமும் ஒளிப்படமும் அதைக் கொண்டுவந்தன. அதிலும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான போக்குவரத்து கவனிக்கத்தக்கது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசவையில் இருந்த அழகிரி நாயுடு மதுரையிலிருந்து சென்றவர். ரவிவர்மாவின் மாமன் ராஜராஜவர்மா அவரிடம் கற்றார். ரவிவர்மா திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அங்கே எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவராக இருந்த ராமசாமி நாயக்கர் அந்த நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாக உதவினார். தொழில் இரகசியம் எப்படிக் காக்கப்பட்டது என்பதை இந்தக் கதை காட்டுகிறது. அந்த இரகசியத்தின் விலை என்ன என்பதையும் காட்டுகிறது. அச்சு அசலான முகம் அந்நாளில் ஒரு சரக்கு. மன்னர், திவான், ஜமீன்தார், ஆங்கிலேய அதிகாரி ஆகியோர் பணம் கொடுத்து வாங்கினார்கள். பின்னர் வந்த ஒளிப்படக் கூடம் அதே சரக்கைக் கொஞ்சம் மலிவாக்கியது, உரிமையாளரை மாற்றவில்லை. பெரும்பாலான மக்களுக்கு முகம் இருந்தது, படம் இருந்ததில்லை. முதல் மரபில் உணர்ச்சி இருந்தது, சுயம் இல்லை. இரண்டாவதில் முகச்சாயல் இருந்தது. அது வரைபவரின் முகமாகவும் இல்லை, உள்ளத்தைத் திறந்து காட்டுவதாகவும் இல்லை. இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதே கேள்வி.

சந்திக்க வேண்டிய இடம் கலைப்பள்ளி. ஆனால் தொடக்கத்தில் அதற்கு அந்த நோக்கமே இருக்கவில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற இராணுவ மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தனியாகத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்று, தொழிற்கலைப் பள்ளி ஆக்கியது. மட்பாண்டம், உலோக வேலை, மரச்செதுக்கு, நகை, நெசவுக்கான வடிவமைப்பு ஆகியவையே அங்கே முக்கியம். 1884இல் கண்காணிப்பாளராக வந்த ஈ. பி. ஹாவெல் மாகாணத்தின் கைத்தொழில்களை ஆராய்வதில் ஆர்வம் காட்டினார். ஓவியப் பாடம் இங்கிலாந்தின் சவுத் கென்சிங்டன் முறையைத் தழுவியது: வடிவங்களைப் பார்த்து நேர்கோடும் வளைகோடும் பிசகாமல் வரை, வார்ப்புகளைப் பார்த்து வரை, அலங்காரங்களைப் பிரதி எடு. கையைத் துல்லியமான கருவியாக்குவதே குறி. கருவிக்கு முகம் வேண்டியதில்லை. இந்த முறை பள்ளிக்கூடங்களுக்கும் இறங்கியது. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் நிலைகளில் நடக்கும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் அதன் வழித்தோன்றல்கள். எல்லைப் பகுதிப் பள்ளிகளின் ட்ராயிங் மாஸ்டர்களுக்குத் தகுதியாக வைக்கப்பட்டவை எம்ஜிடிஇ என்ற சென்னைச் சான்றிதழும் பிறகு கேஜிடிஇ என்ற கேரளச் சான்றிதழும்தான். அரசு மாறியது, சான்றிதழின் முதலெழுத்து மாறியது. குடத்தையும் குடுவையையும் இலையையும் வரையும் பாடம் மாறவில்லை. அந்தப் பாடத்தை இழிவுபடுத்துவது என் எண்ணமில்லை. கோட்டில் உறுதி இல்லாதவரால் முகத்தையும் வரைய முடியாது. ஆனால் ஒரு மாணவர் பத்தாண்டுகள் ஓவிய வகுப்பில் உட்கார்ந்தும் தன் முகத்தை ஒருமுறையேனும் வரையாமல் வெளியேறும் ஏற்பாடு அது என்பதை மறுக்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் 1929இல் விழுந்தது. அந்த ஆண்டு தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையை வடித்தவர் என்று சொன்னால் வாசகர்களுக்கு உடனே பிடிபடும். அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவராயினும் உடலின் எலும்பையும் தசையையும் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். ஓவியமும் சிற்பமும் கைத்தொழிலின் நிழலிலிருந்து வெளியே வந்தது அவர் காலத்தில்தான். உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையும் பயிற்சி தொடங்கிய இடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலும் தொடங்கும்: வகுப்பு முடிந்தபின் மாடலாக உட்காருவதற்கு யார் வருவார்? யாருக்குக் கூலி கொடுக்க முடியும்? உலகெங்கும் ஏழை ஓவியர்கள் கண்ட விடை ஒன்றே. வான்கோ பாரிஸில் இருந்த இரண்டாண்டுகளில் தன் முகத்தை இருபது முறைக்கு மேல் வரைந்ததற்கும், பிறகு ஆர்லில் ஒரு நல்ல கண்ணாடியை விலைக்கு வாங்கியதற்கும் அவரே சொன்ன காரணம் மாடலுக்குப் பணமில்லை என்பதுதான். சுய உருவச்சித்திரத்தைத் தற்பெருமையின் விளைவாகப் பார்ப்பவர்கள் இந்தப் பொருளாதாரத்தை மறந்துவிடுகிறார்கள். கூலி கேட்காத, சலிக்காத, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிற மாடல் ஒரு மாணவருக்குத் தானே. இன்னொன்றும் உண்டு: தன் முகத்தைக் கோணலாக வரைந்தால் கோபித்துக்கொள்ள எவரும் இல்லை. மிகைப்படுத்தவும் சிதைக்கவும் நிறத்தை மாற்றவும் முழுச் சுதந்திரம் கிடைப்பது அந்த ஒரு முகத்தில்தான். உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியம் சுய உருவத்தில் இவ்வளவு வேரோடியதற்கு இதுவே நடைமுறைக் காரணம்.

கோட்டுக்கும் நிறத்துக்கும் அந்தச் சுதந்திரத்தைப் பள்ளியின் பொது வழக்கமாக மாற்றியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, பொன்னானிப் பக்கத்தில் வளர்ந்து, குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்து, 25 வயதில், 1936இல்தான் ஓவிய மாணவரானார். பாலக்காட்டுக் கணவாயின் இரு முனைகளும் அவருக்கு ஊர்கள். ஆனைமலையில் பிறக்கும் ஆளியாறு சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையோடு சேர்ந்து, பொன்னானியில் கடலை அடைகிறது. அந்த ஆற்றோரத்திலிருந்து சென்னைப் பள்ளிக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: பணிக்கர், பொன்னானியின் நம்பூதிரி, கடஞ்சேரியின் டி. கே. பத்மினி, பாலக்காட்டு மாவட்டத்துக் குமரநல்லூரின் அக்கித்தம் நாராயணன். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் பள்ளியின் முதல்வரானார். அவர் காலத்தில் மாணவர்களிடம் கேட்கப்பட்டது பொருளின் சாயல் மட்டுமில்லை, தனக்கேயுரிய கோடு. எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ. பி. சந்தானராஜ், கே. எம். ஆதிமூலம் என்று பள்ளியிலிருந்து எழுந்தவர்களின் கோடுகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவே முடியாது. கோயில் சிற்பத்தின் நெளிவும் சுவரோவியத்தின் அடர்நிறமும் ஐரோப்பிய ஓவியத்தின் தனிமனிதக் குரலும் அங்கே ஒரே தாளில் இறங்கின. நான் முதலில் சொன்ன இரண்டு மரபுகளின் சந்திப்பு இதுதான். கதகளியின் பச்சை அப்படியே இருந்தது. அதை எந்த முகத்தில் பூசுவது, ஏன் பூசுவது என்று முடிவெடுக்கும் கை மட்டும் மாறியது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, வலுவானது. சென்னை இயக்கம் முகத்தை வரைந்து புகழ்பெற்றதில்லையே, பணிக்கரே 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் முகத்தைக் கைவிட்டு, எழுத்துகளையும் கட்டங்களையும் நிரப்பினாரே என்று கேட்கலாம். அந்த ஓவியங்களை உற்றுப் பார்த்தால் தெரிவது என்ன? மலையாள எழுத்துபோன்ற கிறுக்கல்கள், கணக்கு அட்டவணை போன்ற வரிசைகள், ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள். ஒரு மனிதன் யார், எப்படிப்பட்டவன், என்ன ஆவான் என்பதை முகம் இல்லாமல் சொல்ல நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த சாதனம் ஜாதகம்தான். பணிக்கர் சுயத்தை விட்டு விலகவில்லை, அதற்கு முகத்தைவிட நெருக்கமான ஒரு வடிவத்தைத் தேடினார் என்றே கொள்கிறேன். ஒருவேளை இது வலிந்து சொன்ன பொருள் என்று தோன்றினால், அதே வட்டத்தில் நேரடியான சான்றும் கிடைக்கிறது. கே. ராமானுஜம் பணிக்கரின் ஆதரவில் பள்ளியில் பயின்று, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். பேனா மையின் நுண்ணிய கோடுகளால் கோபுரங்களும் மாளிகைகளும் விசித்திர உயிர்களும் நிறைந்த கனவு நகரங்களைக் கட்டி, அவற்றின் நடுவே தொப்பி அணிந்த தன் உருவத்தையே மீண்டும் மீண்டும் நிறுத்தினார். வெளியுலகில் ஒதுங்கி வாழ்ந்த ஒருவர் தன் தாளில் மட்டும் தயக்கமின்றி உலவினார். 1973இல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் இறந்தார். தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில் சுய உருவத்துக்கு இவ்வளவு முழுமையாகத் தன்னை ஒப்புக்கொடுத்த வேறொருவரைச் சொல்வது கடினம்.

பெண்களின் நிலை இன்னும் கூர்மையானது. அமிர்தா ஷெர்கில் பாரிஸில் மாணவியாக இருந்த 1930களின் தொடக்கத்தில் தன்னைப் பலமுறை வரைந்தார். 1934இல் தன்னைத் தாஹித்தித் தீவுப் பெண்ணாகவே தீட்டிக்கொண்டார். 1937இல் தெற்கே பயணம் செய்தபோது கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களில் மனம் பறிகொடுத்தார். அன்றைக்குக் கொழிஞ்சாம்பாறையை ஆண்ட அதே அரச மரபின் சுவர்கள் அவை. ஷெர்கிலுக்கு வசதி இருந்தது, பயணம் இருந்தது, மறுக்காத குடும்பம் இருந்தது. பொன்னானி வட்டாரத்துக் கடஞ்சேரியில் 1940இல் பிறந்த டி. கே. பத்மினிக்கு அவை இல்லை. தந்தையை இளமையிலேயே இழந்தவர். மாமனின் ஆதரவிலும் நம்பூதிரியின் வழிகாட்டலிலும் சென்னைப் பள்ளிக்கு வந்தார். பெண் உடலையும் பெண் பார்வையையும் அவர் வரைந்த விதம் அன்றைய மலையாளச் சூழலுக்குப் பழக்கமில்லாதது. தடித்த கோடு, அடங்கிய நிறம், நேராகப் பார்க்கும் கண்கள். அந்தப் படங்கள் எந்தப் பெயரில் வெளியானாலும், பிறர் பார்க்க வைக்கப்பட்ட பெண்ணாக இராமல் தன்னைத் தானே பார்க்கும் பெண்ணாக இருக்கும் உருவங்கள் அவை. அந்தப் பொருளில் அவற்றைச் சுய உருவங்கள் என்று கொள்வதில் தவறில்லை. 1969இல், 29 வயது நிறைவதற்குள், பிரசவத்தின்போது அவர் மறைந்தார். அதே 1969இல், அதே பள்ளியில் பயின்ற கானாயி குஞ்ஞிராமன் பாலக்காட்டு மலம்புழையில் யட்சி சிலையை எழுப்பி முடித்தார். பள்ளியில் வளர்ந்த துணிச்சல் கணவாய்க்கே திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஆண் எழுப்பிய பெண்ணுருவம் ஊரறிய நின்ற அளவுக்கு, பெண் வரைந்த பெண்ணுருவம் ஊரறிய நிற்கவில்லை.

தன்னைத் தானே வரைவது நம் பண்பாட்டுக்கு ஒட்டாத சுயமோகம் என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு குறை. தன்னடக்கமே நம் மரபு என்று சொல்பவர்கள், அடக்கம் எல்லோராலும் விரும்பி ஏற்கப்பட்டதா, சிலர்மேல் சுமத்தப்பட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதற்கே போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை ஓரளவு வழிவிட்டது. அந்தக் காலத்து மக்களிடையே எழுந்த அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அவர் வழி நடப்பவர்களின் வழிபாட்டிடங்களான அய்யாவழிப் பதிகளின் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. வழிபடுபவர் அதில் காண்பது தன்னை. 1927இல் நாராயண குரு சேர்த்தலைக்கு அருகிலுள்ள களவங்கோட்டில் தெய்வத்தின் இடத்தில் ஒரு கண்ணாடியை நிறுவினார். இவை ஓவிய நிகழ்வுகள் இல்லை; கொழிஞ்சாம்பாறைக்கு வெகு தெற்கே நடந்தவை. ஆனாலும், கண்ணாடியில் தன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது ஆணவம் ஆகாது, மனிதனாக நிற்பதன் தொடக்கம் என்ற எண்ணத்தை இந்த மண்ணே உருவாக்கிக்கொண்டது என்பதற்கு இவற்றைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. வடக்கு மலபாரின் தெய்யத்திலும் ஆடுபவர் கண்ணாடி பார்ப்பார். அங்கே அவர் காண்பது தெய்வத்தை. பதியில் காண்பது தன்னை. இந்த இரண்டு பார்வைகளுக்கு நடுவில்தான் ஓவிய மாணவரின் கண்ணாடி இருக்கிறது.

கடைசியாக வரும் ஆட்சேபம் வயிற்றைப் பற்றியது. எல்லைப்புற ஊர்களில் ஓவியம் படிப்பவருக்கு விளம்பரப் பலகையும் பள்ளி வேலையும் வடிவமைப்பும்தான் சோறு போடும்; தன் முகத்தை வரைந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இதற்கான விடையும் அதே வரலாற்றில் இருக்கிறது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது யாரும் தங்கள் ஓவியங்களை விற்று நிலம் வாங்கிவிடவில்லை. பாத்திக் துணி, தோல், உலோக வேலை என்று கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருமானம்தான் அவர்களைத் தாங்கியது. ஹன்டரின் பள்ளி கற்பித்த தொழிற்கலையே, அந்தப் பள்ளி கற்பிக்க மறந்த சுயத்தைச் சோறூட்டி வளர்த்தது என்று சொல்லலாம். தொழிலும் தன் வெளிப்பாடும் எதிரிகள் என்பது புத்தகப் பிரிவினை. வாழ்ந்து காட்டியவர்கள் இரண்டையும் ஒரே கையால் செய்தார்கள். செல்ஃபி இருக்கும்போது சுய உருவச்சித்திரம் எதற்கு என்பதும் இதேபோல் அவசரமான கேள்வி. செல்ஃபி ஒரு நொடியில் முகத்தை எடுத்து, பிறர் விரும்பும்படி அதை மெருகேற்றுகிறது. கரித்துண்டோடு கண்ணாடி முன் இரண்டு மணி நேரம் உட்காருபவர் தாடையையும் கண்ணடிக் குழியையும் அளந்து அளந்து, தனக்குப் பிடிக்காததையும் வரைந்தாக வேண்டும். ஒன்று காட்டுவதற்கு, மற்றது அறிவதற்கு.

மேற்கண்ட வரலாறு ஒரு நடைமுறை முடிவுக்கு இட்டுச்செல்கிறது. சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மாநிலங்களின் பாடநூல்களிலும் தங்கள் முகத்தை அரிதாகவே காண்கிறார்கள். ஒன்றில் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர். மற்றொன்றில் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள். அவர்களுக்குப் பாடநூல் தராத முகத்தை ஓவிய வகுப்பு தர முடியும். அதற்குச் செலவும் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டும் கரித்துண்டும் போதும். நிறத்துக்கு மஞ்சளும் உமிக்கரியும் இலைச்சாறும் வீட்டிலேயே இருக்கின்றன. குடத்தையும் குடுவையையும் வரையும் பயிற்சி தொடரட்டும். கோடு நேராக நிற்க அது வேண்டும். அதோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு பிள்ளையும் தன் முகத்தைத் தான் விரும்பும் நிறத்தில் வரைய வேண்டும் என்பதை ஓவிய ஆசிரியர்கள் வழக்கமாக்க வேண்டும். அந்தப் படத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். தேதி மட்டும் எழுதி, பள்ளி முடியும்வரை பத்திரப்படுத்தி, போகும்போது கையில் கொடுத்தனுப்பினால் போதும்.